துடைத்தும் போகாத கை

தொழில் வட்டாரத்தில் அவரை எல்லோரும் ‘துடைச்சாச்சா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வேலையிடத்துக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து வரும் கேள்வி அது. மேசையைத் துடைச்சாச்சா, கண்ணாடியைத் துடைச்சாச்சா, கையைத் துடைச்சாச்சா. கண்ணாடிக் கடையில் ஒருவர், “துடைச்சாச்சா வந்தாச்சா?” என்று கேட்க, “வந்தாச்சு, ஆனா இன்னும் துடைக்கல” என்று இன்னொருவர் சொல்ல, அவர் வாசலில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். கோபப்பட மாட்டார். அழுக்கான மனிதர்கள் சுத்தமான மனிதர்களைப் பற்றி வேறு என்ன பேசுவார்கள் என்பது அவர் எண்ணம்.

கல்லைக் கண்ணாடியில் ஒட்டுவது அவர் தொழில். ஓனிக்ஸ் என்றொரு கல் இருக்கிறது. பகலில் பார்த்தால் துணி துவைக்கிற கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அதை அப்பளக் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக அறுத்து, முன்பக்கம் மெருகேற்றி, பின்பக்கம் கண்ணாடி ஒட்டி, அதற்கும் பின்னால் விளக்கு வைத்துவிட்டால், உள்ளேயிருந்து தேன் எரிவது போல ஒளிரும். பணம் படைத்தவர்கள் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க அப்படி வைத்துக்கொள்வார்கள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாயைப் பிளக்க வைப்பதற்கென்றே செய்யப்படும் சுவர் அது; அதன் மேல் ஓர் ஆணி அடித்துச் சட்டைகூட மாட்ட முடியாது.

கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எது மாட்டினாலும், விளக்கு எரியும்போது ஊருக்கே தெரியும். ஒரு முடி, ஒரு தூசி, ஒரு காற்றுக் குமிழி. வேறொருவர் ஒட்டிய சுவரில், ஒரு வக்கீல் வீட்டில், எறும்பு ஒன்று மாட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாக அதே இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதையை அவர் சொல்லும்போது குரலில் வருத்தமே இருக்காது.

தூசியை ஊதிவிடலாம், முடியைக் கிள்ளி எடுக்கலாம். எண்ணெய்தான் அவருடைய பரம எதிரி. பலகாரம் கட்டிய காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியுமே, கல்லிலும் அப்படித்தான். எண்ணெய்க் கை பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. எண்ணெய்க்கு அவசரம் கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து உள்ளே இறங்கி, உட்கார்ந்து, தன் முகத்தைக் காட்டும்.

ஆகவே அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒட்டு நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து வீட்டில் எண்ணெய் கிடையாது. சமையலில் கிடையாது, தலைக்குக் கிடையாது. அப்பளம் நெருப்பில் சுடப்படும். மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர்; அவருடைய தையல் மெஷினுக்குக்கூட அந்த நாட்களில் எண்ணெய் இல்லை, அது நெஞ்சுச் சளி பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டே ஓடும். கொல்லைக் கதவின் கீல் இருபது வருஷமாக அழுதுகொண்டிருந்தது. சமையலறை நாட்காட்டியில் ஒட்டு நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். மகள் ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதும்போது, ‘எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் எண்ணெய் இருக்காது’ என்று எழுதிவிட்டாள். ஆசிரியை கண் கலங்கி, பெயரை உதவித்தொகைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அதை ரத்து செய்ய அவர் இரண்டு முறை பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

“இருபத்திரெண்டு வருஷம். நூத்தி நாப்பது சுவரு. ஒரு கறை சொல்லு பாக்கலாம்” என்பார், சாப்பாட்டில் யாராவது உதட்டைச் சுழித்தால்.

“எங்க பாக்கறது? ஒன்னையாவது கண்ணுல காட்டியிருக்கீங்களா?” என்பார் மனைவி.

அது உண்மை. வேலை நடக்கும்போது, முடியட்டும் காட்டுகிறேன் என்பார். முடிந்ததும் அது இன்னொருவர் வீடு. விளக்குப் போட்ட சுவர் ஒன்றைக்கூட அந்த அம்மாள் பார்த்ததில்லை. கணவரின் கையை மட்டும் பார்த்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து அந்தக் கை, ரேகையெல்லாம் அழிந்து, வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. வங்கியிலோ செல்போன் கடையிலோ கட்டைவிரலை வைக்கச் சொன்னால், ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று இயந்திரம் கெஞ்சும். அவர் அதையும் ஒரு சான்றிதழாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மெத்தைக்காரர் வீட்டு வேலை அவருக்கு வந்தது அப்படிப்பட்ட பெயரால்தான். மெத்தைக்காரருக்கு மூன்று தொழிற்சாலை. ஊரில் பாதிப் பேர் அவர் மேல்தான் படுத்துத் தூங்கினார்கள். அவருக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை என்று கேள்வி. புது வீட்டுக் கூடத்தில் ஆறு பலகை ஓனிக்ஸ். வீட்டை வடிவமைத்த டிசைனர் அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அண்ணா, இதுல ஒரு குறையும் வராம முடிச்சுக் குடுங்க. அடுத்து ஒரு ஓட்டல் வருது. அறுபது பலகை. யாருக்குக் குடுக்கறதுன்னு இந்தச் சுவரைப் பாத்துத்தான் முடிவு.”

அறுபது பலகை என்றால் ஒன்றரை வருஷத்து வேலை. அதைவிட, இந்தத் தொழிலில் கடைசி வார்த்தை அவருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அன்றிரவே சமையலறைக்குப் போய் நாட்காட்டியில் வட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை.

பிறகு பசை டப்பா சீக்கிரம் வந்து சேர்ந்ததால், ஒட்டு நாளைப் புதன்கிழமைக்கு மாற்றினார். கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொன்னார். மின்காரருக்குச் சொன்னார். டிசைனருக்கு இரண்டு தரம் சொன்னார். தன்னோடு வேலை செய்த மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, நாலு தரம் சொன்னார். அந்த வாரம் பட்டறையிலேயே இட்லி வாங்கிச் சாப்பிட்டவர், வீட்டில் சொல்ல மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மனைவிக்குத் தலைவலி. நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கு முன்னால் இரண்டு நாள் என்றால் புதனில் இருந்துதான் தடை. இன்றைக்கு உரிமை இருக்கிறது. உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார். அப்போதுதான் மேசை மேல் கணவரின் மூக்குக்கண்ணாடி இருப்பதைப் பார்த்தார். அது இல்லாவிட்டால் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பட்டறை, கிரானைட் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கணவர் மெத்தைக்காரர் வீட்டுக்கு அளவு எடுக்கப் போயிருந்தார். மச்சினன் மட்டும் இருந்தான்.

“வாக்கா. என்ன அதிசயமா?”

“கண்ணாடிய வெச்சிட்டுப் போயிட்டாருடா. இதுதானா அந்தக் கல்லு?”

நீள மேசையில் ஆறு பலகைகளும் முகம் குப்புறக் கிடந்தன, மேலே வெள்ளைத் துணி. மச்சினன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, அக்காதானே என்று ஓரத்துத் துணியைத் தூக்கினான். பின்புறம் தேய்த்து வைத்த கல், மங்கலாக, எந்த அழகும் இல்லாமல் இருந்தது.

“இதுக்கா?” என்றார் அக்கா. “இதுக்காடா நான் வத்தக் குழம்புகூடத் தாளிக்காம வெச்சேன்?”

“இது முதுகுக்கா. மூஞ்சி அந்தப் பக்கம்.”

குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைப்போமே, அப்படி அவர் கல்லின் மேல் கையை வைத்தார். விரலெல்லாம் விரித்து, அழுத்தமாக. கல் சில்லென்று இருந்தது. தலைவலிக்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“சரி மூடிடறேன்க்கா. நாளைக்குக் காலைல ஒட்டறோம்.”

“நாளைக்கா? வெள்ளிக்கிழமைன்னு வட்டம் போட்டிருக்கு?”

“நாள மாத்தியாச்சே. மாமா சொல்லல?”

அக்கா கையை மெல்ல எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தம்பியும் அந்தக் கையை வாங்கி மோந்து பார்த்தான்.

“ஐயோ அக்கா.”

“என்னடா ஆகும்?”

“ஒன்னும் ஆகாது” என்றான் மச்சினன், தனக்கே சொல்லிக்கொள்வது போல. “காலைல எப்படியும் துடைப்பாரு. ரெண்டு தடவ துடைப்பாரு. அவரு பேரே அதுதானே.”

அந்த அம்மாள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார். மூக்குக்கண்ணாடியும் பையிலேயே திரும்பிப் போனது; பட்டறைக்குப் போனது தெரிந்துவிடும் என்று அதை வெளியே எடுக்கவும் இல்லை.

புதன்கிழமை அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல்தான் ஒட்டினார். ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்தார். ஈரத்தில் கல் முழுவதும் கறுத்திருந்ததால் எந்த இடம் கூடக் கறுப்பு என்று சொல்வதற்கில்லை. மச்சினன், “இந்த மூலைய இன்னொரு தடவ துடைக்கலாமா மாமா?” என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. அவர் பெருமையாக அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் முறையும் துடைத்தார்கள். எண்ணெய் அதற்குள் இறங்க வேண்டிய தூரத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் அடியில் குழல்விளக்கு வைத்துச் சோதித்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. மச்சினன் ஒரு சோடா வாங்கிக் குடித்தான்.

பத்து நாள் கழித்து மெத்தைக்காரர் வீட்டில் புதுக்கூடத்தைத் திறந்துவைத்தார்கள். மின் இணைப்பு அன்று சாயங்காலம்தான் வந்தது. நாற்பது விருந்தினர். வேலை செய்தவர்களைக் கதவோரம் நிற்க அனுமதித்திருந்தார்கள். மெத்தைக்காரர் ரிமோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து அழுத்தினார்.

சுவர் தேனாக எரிந்தது. “ஆ” என்று நாற்பது வாய் திறந்தது. திறந்த வாய் மூடுவதற்குள் ஒரு சத்தம் நின்றது, இன்னொன்று நின்றது. நான்காவது பலகையில், நெஞ்சு உயரத்தில், ஒரு கை. ஐந்து விரலும் விரித்த கை. மற்ற இடத்தைவிடப் பிரகாசமாக, உள்ளேயிருந்து யாரோ கல்லைத் தொட்டுப் பார்ப்பது போல.

கதவோரம் நின்றவர் ஓர் அடி முன்னால் வந்தார். பார்வை நேரே சுண்டுவிரலுக்குப் போனது. அது வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்த விரல் வளைந்த நாள் அவருக்குத் தெரியும். வீடு மாற்றியபோது மனைவி இரும்பு பீரோவைச் சாத்திக்கொண்டிருந்தார், அவர் பின்னாலிருந்து “துடைச்சாச்சா?” என்று கேட்டார், மனைவி திரும்பிப் பார்த்தார், கதவு விரலை விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்தார். அவன் கூரையில் ஏதோ வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டிருந்தான்.

முதலில் பேசியவர் மெத்தைக்காரரின் மனைவி. “யாரோ எண்ணெய்க் கைய வெச்சிருக்காங்க” என்றார். கூடத்திலேயே அந்த ஒருவர்தான் சமையலறைக்குள் போய்ப் பழக்கமுள்ளவர்.

டிசைனர் அம்மாள் பாய்ந்து வந்தார். “இல்ல மேடம், இல்லவே இல்ல. இது கல்லுக்குள்ளயே உருவானது. எத்தனையோ லட்சம் வருஷம். இந்த மாதிரி உலகத்துல ஒன்னு ரெண்டுதான் அமையும்.”

“லட்சம் வருஷத்துக்கு முன்னாடி யாரும்மா சமைச்சா?”

மெத்தைக்காரர் எதையும் கேட்கவில்லை. சுவரருகே போனார். அவர் தோள் குலுங்கியது. “அம்மா” என்றார். “எங்கம்மா கை. முதல் மெத்தைக்குப் பஞ்சு அடைச்ச கை. புது வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்காங்க.”

“உங்கம்மா கைய நான் பதினெட்டு வருஷம் பாத்திருக்கேன்” என்றார் மனைவி. “அது ஒரு நாளும் விரிஞ்சு இருந்ததில்ல. சாவிக்கொத்தைப் பிடிச்சு மூடித்தான் இருக்கும்.”

விருந்தினர் மத்தியில் இரண்டு கட்சி உண்டானது. கறைக் கட்சியில் ஒருவர். மற்றவர்கள் அம்மா கட்சி. அவர்களில் பலர் மெத்தைக்காரரிடம் மெத்தை எடுத்து விற்பவர்கள். கடைசியில் மெத்தைக்காரர் கதவோரம் திரும்பினார்.

“மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. ஒட்டினவரு நீங்க. இது கறையா?”

நாற்பது பேரும் திரும்பினார்கள். டிசைனர் அம்மாள் கண்ணாலேயே அறுபது பலகையைக் காட்டினார். ஆமாம் என்றால் இருபத்திரண்டு வருஷம் போய்விடும். இல்லை என்றால் பொய். அவருக்குக் கறையும் பொய்யும் ஒன்றுதான். வாயைத் திறந்தவருக்குத் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே உண்மைதான் வந்தது.

“நான் மூணு தடவ துடைச்சேங்க.”

“பாத்தியா!” என்று மெத்தைக்காரர் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். “மூணு தடவ துடைச்சிருக்காரு! போகல! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

கை தட்டினார்கள். யாரோ அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அது மெத்தை உறைத் துணியில் செய்த சால்வை.

வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“உன் கை” என்றார் அவர்.

“ம்.”

“சுண்டுவிரல் வரைக்கும் தெரியுது.”

“நல்லாத் தெரியுதா?”

“ஊரே பாத்துச்சு.”

“நான் பாக்கலையே.”

“என்ன பேசற நீ? என் மானமே போச்சுன்னு உட்கார்ந்திருக்கேன். இருபத்திரெண்டு வருஷம்...”

“நாள மாத்தினத ஊருக்கெல்லாம் சொன்னீங்களாம். மின்காரர் வீட்டு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். எனக்கு யாரு சொன்னா?” மனைவியின் குரல் உயரவில்லை. “அந்தச் சட்டமெல்லாம் போட்டீங்களே, அது யாருக்குப் போட்டீங்க? எனக்குன்னு நெனச்சுத்தான் நானும் இத்தனை நாளா இருந்தேன்.”

மாட்டிக்கொண்டால் அவர் எதையாவது துடைப்பார். சால்வை முனையால் மேசையைத் துடைத்தார். மனைவி மெதுவாகக் கேட்டார்:

“அழகா இருந்துச்சா?”

“கறை எப்படி அழகா இருக்கும்?” என்றவர், எழுந்து போகும்போது, “இருந்துச்சு” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மனம் ஆறவில்லை. தான் செய்த சுத்தமான சுவர்களில் நாலைந்தைப் பார்த்தால் தெம்பு வரும் என்று தோன்றியது. சர்வீஸ் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பழைய வீடுகளுக்குக் கிளம்பினார். டாக்டர் வீட்டில் சுவருக்கு முன்னால் துணி பீரோ நின்றது. “பின்னாடி பத்திரமா இருக்கு” என்றார்கள். இன்னொரு வீட்டில் விளக்கைப் போடுவதே இல்லை. போட்டால் பூச்சி வருகிறதாம். மூன்றாவது வீட்டில் பலகையின் நடுவில் நாலு ஓட்டை போட்டு டி.வி. மாட்டியிருந்தார்கள். நான்காவது வீட்டில் ரிமோட் தொலைந்து மூன்று வருஷம். ஐந்தாவது வீட்டுக்காரர், “அது எரியுமா என்ன?” என்று அவரையே கேட்டார். நூற்று நாற்பது சுவரும் ஒரு கறை இல்லாமல் இருட்டில் இருந்தன.

மெத்தைக்காரர் வீட்டுச் சுவர் மட்டும் காலை ஆறிலிருந்து எரிந்தது. கைக்கு முன்னால் பித்தளைக் கம்பி கட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், வியாபாரிகள் வந்தார்கள், ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டே மாதத்தில் ‘அம்மாவின் கை’ என்று புது மெத்தை சந்தைக்கு வந்தது. உறையில் ஒரு மூலையில் சின்னதாக ஐந்து விரல். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

“அக்கா, நீ மெத்தையாயிட்ட” என்றான் மச்சினன்.

“உங்க மாமா அதுலயும் படுக்கமாட்டாரு. கறைம்பாரு.”

டிசைனர் அம்மாள் ஓட்டல் வேலையோடு வந்தார். வேலை அவருக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம்.

“அண்ணா, ஓட்டல் முதலாளிக்கு அவங்க அப்பா மேல ரொம்பப் பாசம். நடுப்பலகைல அந்த மாதிரி ஒன்னு அமைஞ்சா நல்லா இருக்கும்னு ஆசைப்படறாரு.”

“அமையறதா? கல்லுல லட்சம் வருஷமா இருக்கறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அதைத்தான் சொல்றேன். இருக்கற கல்லாப் பாத்து எடுங்க.” அவர் கண் இமைக்கவில்லை. “அப்பா கை. கொஞ்சம் பெருசா இருந்தா நல்லது. அமையலன்னா, வேற ஒருத்தரு அமைச்சுத் தர்றேன்னு சொல்றாரு. எறும்பு வெச்சாரே, வக்கீல் வீட்டுல, அவரு.”

எறும்புக்காரர் என்ற பேச்சு அவர் மூன்று இரவுத் தூக்கத்தைத் தின்றது. நான்காம் நாள் காலையில் முடிவுக்கு வந்தார். செய்யாத கறைக்குச் சால்வை வாங்கியாகிவிட்டது. இனி ஒரு கறை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது அவர் கையாக இருக்கட்டும். இந்தத் தொழிலில் நூற்று நாற்பது சுவர் செய்த கை, ஒரு சுவரிலாவது தெரிந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கடைசி வரியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பட்டறைக்கு எண்ணெய்ப் புட்டியோடு மனைவியையும் கூட்டிப்போனார். அதிலேயே மற்றவர்களுக்குப் புரிந்தது.

மேசையில் ஒரு பலகை குப்புறக் கிடந்தது. அவர் கையை நீட்டினார். மனைவி எண்ணெய் ஊற்றினார். கை அதைக் குடித்துவிட்டது. இன்னும் ஊற்றினார். அதையும் குடித்தது.

“என்னங்க இது, கோடை காலத்து மண்ணு மாதிரி?”

“ஊத்து, ஊத்து.”

ஐந்தாவது தரம் கை பளபளத்தது. “துடைச்சாச்சா மாமா?” என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, விரலை விரித்து, கல்லின் மேல் அழுத்தினார். நூறு எண்ணும் வரை எடுக்கவில்லை.

பத்து நாள் காத்திருந்து, டிசைனர் அம்மாளையும் வரச் சொன்னார்கள். கொட்டகைக் கதவைச் சாத்தி, பலகையை நிமிர்த்தி, பின்னால் விளக்கைப் போட்டார்கள். இந்த முறை அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

ஒளிர்ந்த கல்லில் வெளிச்சமாக ஓர் உருவம் இருந்தது. அகலமாக, வழவழவென்று, ஓரமெல்லாம் கரைந்து. விரல் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ரேகை இல்லை, ஒரு கணு இல்லை.

டிசைனர் அம்மாள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். “இது என்ன அண்ணா? கரண்டியா?”

“எனக்குக் கையுறை மாதிரி தெரியுது” என்றான் மச்சினன். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல கையுறை” என்றான்.

அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். தன் உள்ளங்கையை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவினார். எல்லா இயந்திரங்களும் ஒரே குரலில் சொன்னதைக் கடைசியில் கல்லும் சொல்லிவிட்டது.

“ஓட்டலுக்கு இது ஆகாதுண்ணா” என்றார் டிசைனர், மென்மையாக. “வேற கல்லு ‘பாக்க’ முடியுமா?”

மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். புட்டியைத் திறந்தார். மனைவியின் உள்ளங்கைக்கு ஒரே சொட்டு போதுமாக இருந்தது.

“எந்தக் கல்லு?” என்றார்.

“அந்த ஓரத்துல இருக்கறது” என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, “விரலை நல்லா விரிச்சு வை. பெரிய கை வேணுமாம்” என்றார்.

ஓட்டல் திறந்த அன்று முதலாளி அப்பாவின் கையைப் பார்த்து அழுதார். அப்பாவுக்கும் சுண்டுவிரல் வளைந்துதான் இருக்கும் என்று அத்தை ஒருத்தி சாட்சி சொன்னாள். விருந்துக்கு வந்திருந்த மெத்தைக்காரர் சுவரைக் கொஞ்சம் அதிக நேரமே உற்றுப் பார்த்தார். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், “உழைச்ச பெரியவங்க கையெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இந்த முறை கதவோரம் மூன்று பேர் நின்றார்கள். மனைவி முதல் முறையாக விளக்கு எரியும் சுவரைப் பார்த்தார். தன் கையை அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “நகத்தை வெட்டியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஒட்டு நாளில் அவர் சாப்பாட்டுக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. மனைவி தலைக்குத் தாராளமாக வைத்துக்கொள்வார், தொழில் நிமித்தமாக. தையல் மெஷின் சளி குணமாகி ஓடுகிறது. கொல்லைக் கதவு சத்தமில்லாமல் திறப்பதால் இரண்டு நாள் பூனை உள்ளே வந்துவிட்டது. வெளியே அவர் பெயரும் குறையவில்லை. நூற்று நாற்பத்தாறு சுவர், ஒரு கறை சொல் பார்க்கலாம் என்று இப்போதும் கேட்கிறார். கேட்கும்போது மனைவி இருக்கும் பக்கம் திரும்புவதில்லை.

ஓட்டலுக்கு ஆகாத அந்தப் பலகையை உடைத்துப் போடச் சொன்னார். மனைவி கேட்கவில்லை. தம்பியை விட்டு வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் பொருத்தி, பின்னால் ஒரு பல்பு போட்டுக்கொண்டார். பூச்சி வரத்தான் செய்கிறது. சாயங்காலம் சீருடை அளவு கொடுக்க வரும் பெண்கள் அதைப் பார்த்து நிற்பார்கள்.

“என்னக்கா அது?”

“அவரு கை.”

“கை மாதிரி தெரியலையே.”

“அவரு கையே அப்படித்தான்” என்பார், வாயில் குண்டூசியோடு. “கைய நல்லா நீட்டும்மா, தோள் அளவு எடுக்கணும்.”